துணை இழந்த செஸ் காய்களை என்ன செய்யலாம்?
நாலு செஸ் செட் கிடக்கிறது, இரண்டில் காய் குறைகிறது, தூக்கிப் போட மனசில்லை என்று எழுதியிருந்தீர்கள். தூக்கிப் போட வேண்டவே வேண்டாம்.

முதலில் எல்லாவற்றையும் தரையில் கொட்டி எண்ணுங்கள். ஒரு செட்டுக்கு 32. உயரமும் அடிப்பாகமும் ஏறக்குறைய ஒத்துப்போனால், இரண்டு குறை செட்டிலிருந்து ஒரு முழு செட் தேறிவிடும். நிறம் கொஞ்சம் மாறினால் பரவாயில்லை. முழு செட்டுகளை செஸ் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

மிச்சத்தில் சிப்பாய்கள்தான் அதிகம் இருக்கும். அவற்றை வைத்து ஒரு குட்டி ஆட்டம் ஆடலாம்: பக்கத்துக்கு எட்டுச் சிப்பாய், ஒரு ராஜா; எதிர்முனைக்கு முதலில் சிப்பாயைக் கொண்டுபோனவர் ஜெயித்தார். புதிதாகக் கற்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல ஆரம்பம் எனக்குத் தெரியாது.

அப்புறம், மரச் சிப்பாய் மேசை இழுப்பறைக்கு அழகான கைப்பிடி. அடியில் ஒட்டிய துணியை உரித்துப் பாருங்கள். பல காய்களில் நடுவே ஒரு எடைக்கட்டி இருக்கும். அது ஈயமாகவும் இருக்கலாம், அதைத் துளைக்காதீர்கள்; அந்தத் தூள் உடம்புக்குக் கெடுதல். எடை இல்லாத காயில் மெல்லிய துளை போட்டு, இழுப்பறையின் உள்பக்கமிருந்து திருகாணியை முறுக்கினால் போதும்.

குதிரைகளை மட்டும் விட்டுவிடுங்கள். மர செட்டில் மற்ற காய்கள் கடைசல் இயந்திரத்தில் சுழற்றிக் கடைந்தவை. குதிரைத் தலையைத்தான் ஒருவர் உட்கார்ந்து செதுக்கியிருப்பார். பிடரி மயிரில் உளி போன தடம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அவற்றை ஜன்னலோரம் வெளிச்சத்தில் நிறுத்திவையுங்கள்.