வெறும் வயிற்றுச் சர்க்கரை 96 என்றால் நிம்மதியா?

எனக்கு வயது 38. அப்பச்சிக்கு 45 வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. எனக்கு வெறும் வயிற்றில் 96தான். பயமில்லை என்று இருக்கலாமா? (காரைக்குடி)

இருக்க வேண்டாம். இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளிக்கும். அது சமாளிக்கிறவரை இந்த எண் 100-க்குள்ளேயே நிற்கும். லண்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஒயிட்ஹால் ஆய்வில், நோய் உறுதியாவதற்கு 3 முதல் 6 ஆண்டுகள் முன்பே உள்ளே மாற்றம் தொடங்கிவிட்டது தெரிந்தது.

கொழுப்புப் பரிசோதனையும் எடுத்திருப்பீர்களே, அந்தத் தாளைப் பாருங்கள். டிரைகிளிசரைடு 150-க்கு மேலே, எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு 40-க்குக் கீழே (பெண்களுக்கு 50) என்று சேர்ந்து வந்தால் இன்சுலின் தடுமாறுகிறது என்று சந்தேகப்பட வேண்டும். "கொழுப்புதானே, சர்க்கரை இல்லையே" என்று பலர் அதை மடித்து வைத்துவிடுவது எனக்கு ரொம்ப வருத்தம்.

அப்புறம் இடுப்பு. வேட்டி கட்டும் இடத்தில் அளக்காதீர்கள். தொப்பைக்குக் கீழே போய்விடும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பை வைத்து, மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை.

உங்கள் குடும்ப வரலாற்றுக்கு, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையையும் மருத்துவரிடம் கேளுங்கள். 140 முதல் 199 வரை வந்தால் அது நோய்க்கு முந்தைய நிலை.

வெறும் வயிற்றில் 88, ஆனால் எச்.பி.ஏ1சி 5.9. எதை நம்புவது? ரத்தசோகையும் உண்டு. (தேவகோட்டை)

எச்.பி.ஏ1சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண். அதில் 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை எல்லைதான். ஆனால் இரும்புச்சத்துக் குறைவு இந்த எண்ணைச் சற்று ஏற்றிக் காட்டும். முதலில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) பார்த்துச் சரிசெய்யுங்கள். குளுக்கோஸ் குடித்துப் பார்க்கும் பரிசோதனையும் எடுத்தால் குழப்பம் தீரும்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் அமினோ அமிலப் பரிசோதனை எடுக்கச் சொல்கிறான். (பள்ளத்தூர்)

அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அமினோ அமிலங்கள் என்பவை புரதத்தின் அடிப்படைத் துண்டுகள். அமெரிக்காவின் ஃபிராமிங்காம் ஊர் மக்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வில், 2011-இல் வெளியான முடிவுப்படி, ஐசோலூசின், லூசின், வேலின், டைரோசின், ஃபினைல்அலனின் ஆகிய ஐந்து அமினோ அமிலங்களும் ரத்தத்தில் கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. அவர்கள் ரத்தம் கொடுத்தபோது சர்க்கரை அளவு சாதாரணம். ஆனாலும் இந்த அளவுக்கு மேல் ஆபத்து என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட கோடு இன்னும் இல்லை. பணத்தைச் செலவழிக்காதீர்கள். வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்ற நான்கை வைத்துச் சென்னையில் உருவாக்கிய மதிப்பெண் முறை இருக்கிறது. அதில் 60-ஐத் தொட்டால் உடனே ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

கவுனி அரிசி சாப்பிட்டால் சர்க்கரை வராதா? (புதுவயல்)

கவுனியில் நார்ச்சத்து உண்டு. சீனியும் நெய்யும் தேங்காயும் போட்டுக் கிண்டினால் அது இனிப்புதான். எச்சரிக்கை எல்லையில் இருப்பவர்களுக்கு நடையும் சாப்பாட்டு மாற்றமும்தான் மருந்து. 2006-இல் வெளியான இந்திய ஆய்வில் அவற்றால் மட்டுமே நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது.