போர்க்காலத்தில் பணியாற்றிய ராணுவ நர்ஸ்களை நாம் எப்படி கௌரவிக்கலாம்?

உங்கள் பள்ளியிலோ குடியிருப்பிலோ விழா எடுக்கப் போகிறீர்கள், அதற்காகக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் முதலில் அவர்களுடைய பதவியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

என் அத்தை ராணுவ நர்ஸாக இருந்து மேஜராக ஓய்வு பெற்றவர். மூன்று வருடம் முன்பு எங்கள் ஏரியா சங்கத்தில் சுதந்திர தின விழாவுக்கு அழைத்து, மேடையில் சால்வை போட்டு, "ராணுவ வீரரின் மனைவி" என்று மைக்கில் அறிவித்தார்கள். மாமா பேங்கில் வேலை பார்த்தவர். அத்தை ஒன்றும் சொல்லாமல் சால்வையை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டார். எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை.

ராணுவ நர்ஸ்கள் கமிஷன் பெற்ற அதிகாரிகள் என்பதே பலருக்குத் தெரியாது. 1888 மார்ச்சில் 10 நர்ஸ்கள் பம்பாயில் வந்து இறங்கியதில் தொடங்குகிறது இந்தப் படையின் கதை. 1926 அக்டோபர் 1 முதல் நிரந்தரப் பிரிவாக இருக்கிறது. மருத்துவப் பிரிவுகளை விட்டால், ராணுவத்தின் மற்ற பிரிவுகள் 1992இல்தான் பெண் அதிகாரிகளை எடுக்கத் தொடங்கின. அதற்கு 16 வருடம் முன்பே, 1976இல், கெர்ட்ரூட் அலி ராம் என்ற நர்ஸ் மேஜர் ஜெனரல் ஆகிவிட்டார். இந்திய ராணுவத்தில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

கார்கில் போரின்போது, 1999இல், அத்தை ஸ்ரீநகரில் ராணுவத்தின் 92 பேஸ் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்தப் போரில் 1,300 பேருக்கு மேல் காயம். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலே ஸ்ட்ரெச்சரோடு ஓடுவார்களாம். பனியில் ஊறி வீங்கிய காலிலிருந்து பூட்ஸ் கழலாது, கத்தரியால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு பையன், இருபத்திரண்டு வயது இருக்கும், அத்தை கையைப் பிடித்துக்கொண்டு, "சிஸ்டர், வெட்டாதீங்க, புது பூட்ஸ், கணக்குக் கேப்பாங்க" என்று இந்தியில் கெஞ்சியிருக்கிறான். அந்தக் கால் நிலைக்காது என்று அத்தைக்குப் பார்த்ததுமே தெரியும். "கணக்கை நான் பாத்துக்கிறேன்டா" என்று சொல்லிவிட்டு வெட்டியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் வலது கை விரல்கள் தானாகவே கத்தரி பிடிப்பது போல மடங்கும். எனக்குத் தெரிந்து இதை அவர் இரண்டு தடவைதான் சொல்லியிருக்கிறார்.

மலையில் ஏறிச் சண்டை போட்டவனையும் வார்டில் நின்றவரையும் ஒன்றாக்குகிறாயா என்று யாராவது வருவீர்கள். ஒன்றாக்கவில்லை. அத்தையே அதை ஒப்புக்கொள்ள மாட்டார். டாக்டர்களையும் குறைத்துச் சொல்லவில்லை. அந்தப் பையன் கண் விழித்தபோது பக்கத்தில் இருந்தது யார் என்று மட்டும்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். என் சின்ன மகளும் நர்ஸ். அவள் வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரியில் சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு, வெளியே வரும்போது பணம் கட்டினால்தான் தருவோம் என்றார்கள். ஐந்து மாதம் அலைந்து வாங்கினோம். வெள்ளை உடையில் தேவதை என்று வருடா வருடம் மே 12ஆம் தேதி நர்ஸ்கள் தினத்துக்கு வாழ்த்து அனுப்பும் அதே இடம். நர்ஸ் என்றாலே நம் ஊரில் இப்படித்தான் நடத்துகிறார்கள், ராணுவம் என்றாலும் வெளியே என்றாலும்.

சரி, விழாவுக்கு வருகிறேன். அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் கேப்டன், மேஜர், கர்னல் என்று எதுவோ அதைப் போடுங்கள். சால்வை போட்டதும் கீழே அனுப்பிவிடாமல் ஒரு நாற்காலி போட்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு என்று பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். முதல் பத்து நிமிடம் ஒற்றை வார்த்தையில்தான் பதில் வரும். அவசரப்படுத்தாதீர்கள்.