கிலோவில் ஊற்றும் எரிபொருள்: சிஎன்ஜி கேள்வி – பதில்

இந்த இதழில் சிஎன்ஜி, அதாவது அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயுவில் ஓடும் வாகனங்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். வாங்கலாமா, மாற்றலாமா என்று கேட்டவர்களும் உண்டு. மாற்றிவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களும் உண்டு.

கேள்வி: என் பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கி.மீ. தருகிறது. சிஎன்ஜி கிட் பொருத்தினால் உண்மையில் எவ்வளவு மிச்சமாகும்? விளம்பரத்தை நம்பலாமா?

பதில்: விளம்பரம் ஒரு கிலோ கேஸின் விலையையும் ஒரு லிட்டர் பெட்ரோலின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டும். கிலோவும் லிட்டரும் ஒன்றல்ல. ஒரு கிலோ சிஎன்ஜியில் ஏறத்தாழ 1.4 லிட்டர் பெட்ரோலின் ஆற்றல் இருக்கிறது. ஆகவே உங்கள் கார் ஒரு கிலோவுக்குச் சுமார் 21 கி.மீ. ஓடும். இந்த விஷயத்தில் விளம்பரம் தன் சரக்கைக் குறைத்தே சொல்கிறது. அது சொல்லாமல் விடுவது வேறு: கிட்டின் விலை, பரிசோதனைச் செலவு, பங்க்கின் தூரம்.

மாதம் 1,500 கி.மீ. ஓட்டினால் பெட்ரோலில் 100 லிட்டர். கேஸில் 71 கிலோ, அதோடு காலையில் ஸ்டார்ட் செய்து சூடாகும்வரை எரியும் சில லிட்டர் பெட்ரோல். உங்கள் ஊர் விலையைப் போட்டு இரண்டையும் கழியுங்கள். கிட்டுக்குக் கொடுக்கும் தொகையை அந்த மாத மிச்சத்தால் வகுத்தால் எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்று தெரியும். சிலிண்டர் பரிசோதனைக் கட்டணத்தையும் செலவில் சேருங்கள். மாதம் 500 கி.மீ.தான் ஓட்டுகிறீர்கள் என்றால் அதே முதல் திரும்ப மூன்று மடங்கு காலம் ஆகும். அப்படிப்பட்டவர் மாற்றாமல் இருப்பதே மேல்.

பங்க் எவ்வளவு தூரம் என்பதையும் பாருங்கள். ஒரு தடவை நிரப்பினால் 8 கிலோ, அதாவது 170 கி.மீ. போலக் கிடைக்கும். பங்க் உங்கள் வழியில் இல்லாமல் 10 கி.மீ. தள்ளி இருந்தால், போய்வர 20 கி.மீ. நிரப்பிய கேஸில் எட்டில் ஒரு பங்கு, நிரப்பப் போய்வருவதற்கே தீர்ந்துவிடும். வரிசையில் நிற்கும் நேரம் தனி.

கேள்வி: 60 லிட்டர் சிலிண்டருக்கு 10 கிலோ பிடிக்கும் என்றார்கள். பங்க்கில் எட்டு, எட்டரைக்கு மேல் ஏறுவதில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால் அழுத்த மீட்டரும் 200 பாரிலிருந்து (பார் என்பது அழுத்த அலகு) 180க்கு இறங்கியிருக்கிறது. ஏமாற்றுகிறார்களா, கசிகிறதா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் இல்லை. 60 லிட்டர் என்பது சிலிண்டருக்குள் பிடிக்கும் தண்ணீரின் அளவு. 200 பார் அழுத்தத்தில், 15 டிகிரி வெப்பத்தில் அதற்குள் 10 கிலோ அடங்கும். ஆனால் இரண்டு மூன்று நிமிடத்தில் வேகமாக அடைக்கும்போது உள்ளே கேஸ் சூடாகிவிடும். சூடான கேஸ் அடர்த்தி குறைந்தது. 40 டிகிரியில் அதே 200 பாருக்கு எட்டரை கிலோதான் இருக்கும். நிரப்பி முடித்து ஆறியதும் அழுத்தம் 15, 20 பார் இறங்குவது இயல்பு. ஆறிய பிறகும், வண்டி நிற்கும்போது, ராத்திரிக்கு ராத்திரி இறங்கிக்கொண்டே போனால்தான் கசிவு.

உச்சி வெயிலைவிட விடியற்காலையில் கூடுதலாக ஏறும். பங்க்கில் கேஸைச் சேமித்து வைக்கும் சிலிண்டர் அடுக்குகளில் அழுத்தம் குறைந்திருக்கும் நேரத்தில் போனாலும் 150, 160 பாரோடு நின்றுவிடும். குழாய் வழியாகக் கேஸ் வராமல் லாரியில் சிலிண்டர் அடுக்கு கொண்டுவந்து விற்கும் பங்க்குகளில் இது அடிக்கடி நடக்கும். முன்னால் பத்து ஆட்டோ நிரப்பிப் போயிருந்தால் உங்களுக்கு மிச்ச அழுத்தம்தான். பங்க்கின் மீட்டர் கிலோ கணக்கில்தான் ஓடுகிறது. குறைவாக ஏறினால் குறைவாகத்தான் காசு.

கேள்வி: கேஸில் போட்டால் பிக்கப் இல்லை. மேட்டில் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. கிட் மட்டமானதா?

பதில்: கொஞ்சம் குறைவது எந்தக் கிட்டிலும் தவிர்க்க முடியாதது. எஞ்சின் இழுக்கும் காற்றோடு கேஸ் சேரும்போது, சரியான கலவையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இடத்தைக் கேஸே பிடித்துக்கொள்கிறது. பெட்ரோல் ஆவி பிடிப்பது அதில் சிறு பகுதிதான். அந்த அளவுக்குக் காற்று குறைகிறது, சக்தியும் பத்து சதவீதம் போலக் குறைகிறது. டிக்கியில் ஏறிய இரும்பு சிலிண்டரின் எடை இன்னொரு பெரிய ஆளை எப்போதும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போவதற்குச் சமம்.

ஆனால் மேட்டில் அறவே இழுக்கவில்லை என்றால் அது டைமிங், பிளக் கோளாறு. சிஎன்ஜியின் பெரும்பகுதியான மீத்தேன் பெட்ரோலைவிட மெதுவாக எரியும். ஆகவே தீப்பொறி சில டிகிரி முன்னதாகவே விழ வேண்டும். அதற்குத்தான் டைமிங் அட்வான்சர் என்ற சின்னப் பெட்டி. மலிவுக் கிட்டுகளில் முதலில் வெட்டப்படுவது இதுதான். அடுத்தது ஸ்பார்க் பிளக். அழுத்தமான கேஸ் கலவையில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும், பெட்ரோலுக்கு 1.0, 1.1 மி.மீ. விடும் இடைவெளியை 0.7, 0.8க்குக் குறைத்தால் பொறி தவறுவது நிற்கும். பழைய இக்னிஷன் காயிலும் வயரும் பெட்ரோலில் ஒன்றும் தெரியாமல் ஓடும். கேஸில் உடனே காட்டிக் கொடுத்துவிடும். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் பாதிப்பு இரட்டிப்பு.

மீத்தேனின் ஆக்டேன், அதாவது எஞ்சினுக்குள் அழுத்தும்போது தானாக வெடித்துத் தட்டாமல் தாங்கும் அளவு, 120க்கும் மேல். அதற்கென்றே கம்ப்ரஷன் கூட்டி வடிவமைத்த எஞ்சினில் இந்த நஷ்டத்தின் பெரும்பகுதியைத் திரும்பப் பிடிக்கலாம். பெட்ரோலுக்காகச் செய்த எஞ்சினில் அந்த வசதி வீணாகத்தான் போகிறது.

கேள்வி: காலையில் பெட்ரோலில்தான் ஸ்டார்ட் ஆகிறது. நேரடியாகக் கேஸில் ஸ்டார்ட் ஆகும்படி செய்யலாமா?

பதில்: செய்துகொடுக்கும் மெக்கானிக் கிடைப்பார். வேண்டாம். 200 பாரில் இருக்கும் கேஸை ரெடியூசர் 2 பார் அளவுக்கு இறக்குகிறது. அப்படி விரியும்போது கேஸ் கடுமையாகக் குளிரும். அதைச் சூடாக்கத்தான் ரேடியேட்டர் தண்ணீரை ரெடியூசரைச் சுற்றி விடுகிறார்கள். தண்ணீர் சூடேறுமுன் கேஸ் ஓடினால் உள்ளே இருக்கும் ரப்பர் டயாஃப்ரம் (சவ்வு) விறைத்து, நாளடைவில் விரிசல் விட்டுவிடும். வண்டி சூடான பிறகும் ரெடியூசரின் மேல் பனி பூத்திருந்தால் கூலன்ட், அதாவது அந்த ரேடியேட்டர் தண்ணீர், குறைந்திருக்கிறது, அல்லது அந்தக் குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

பெட்ரோல் டேங்கைக் காயவும் விடாதீர்கள். டேங்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிரவைப்பதே பெட்ரோல்தான். கால் டேங்க் எப்போதும் இருக்கட்டும். வாரம் ஒருமுறை சில கிலோமீட்டர் பெட்ரோலிலேயே ஓட்டுங்கள். இல்லையென்றால் பெட்ரோல் பழசாகி இன்ஜெக்டரில் பிசினாகப் படியும்.

கேள்வி: கேஸில் சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்கி அணைகிறது. பெட்ரோலில் சுத்தமாக ஓடுகிறது.

பதில்: பெட்ரோலில் சரியாக ஓடுவதால் எஞ்சினைச் சந்தேகிக்க வேண்டாம். பங்க்கில் கேஸை அழுத்தும் கம்ப்ரஸரிலிருந்து நூலளவு ஆயில் கேஸோடு வந்துகொண்டே இருக்கும். அது ரெடியூசரின் அடியிலும் கேஸ் இன்ஜெக்டரிலும் சேர்ந்து பிசுபிசுக்கும். முதலில் குறைந்த அழுத்தக் குழாயில் உள்ள கேஸ் ஃபில்டரை மாற்றச் சொல்லுங்கள், செலவு குறைவு. பிறகு ரெடியூசரில் வடிகால் திருகு இருந்தால் அதைத் திறந்து ஆயிலை வடிக்க வேண்டும். அதற்கும் சரியாகவில்லை என்றால் இன்ஜெக்டர் கழுவுதல். கடைசியாகத்தான் லேப்டாப்பை மாட்டி டியூனிங். பல இடங்களில் தலைகீழாக, டியூனிங்கில் தொடங்குவார்கள். அழுக்கு இன்ஜெக்டருக்கு ஏற்றபடி டியூன் செய்தால் ஒரு மாதத்தில் பழையபடி நடுங்கும்.

கேள்வி: டிக்கியில் 200 பார் சிலிண்டர் என்றாலே பயமாக இருக்கிறது. விபத்தில் வெடிக்காதா?

பதில்: மீத்தேன் காற்றைவிட இலேசானது, கசிந்தால் மேலே போய்விடும், தானாகப் பற்ற 540 டிகிரி வெப்பம் வேண்டும், பெட்ரோலுக்கு அதில் பாதியே போதும். ஆனால் மூடிய டிக்கிக்குள் கசிந்தால் மேலே போக வழி எங்கே? காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்திருந்தால் ஒரு பொறி போதும். அதனால்தான் சிலிண்டர் வால்வைச் சுற்றி ஓர் உறை போட்டு, அதிலிருந்து வண்டிக்கு வெளியே குழாய் விடுகிறார்கள். சாமான் இடிக்கிறது என்று அந்த உறையைக் கழற்றி எறிபவர்கள் நிறைய.

வண்டியில் தீப்பிடித்தால் சிலிண்டர் வெடிக்குமுன் கேஸை வெளியேற்ற, ஏறத்தாழ 110 டிகிரியில் உருகித் திறக்கும் ஃப்யூஸ் ஒன்று வால்விலேயே இருக்கிறது. ஒருமுறை தீயில் பட்ட சிலிண்டரைப் பெயின்ட் அடித்து விற்றால் வாங்கக் கூடாது. வெப்பம் எஃகின் பலத்தைக் கெடுத்திருக்கும். பொருத்திய பட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பட்டையைத் தளர்த்திப் பார்க்காத பரிசோதனை பரிசோதனையே அல்ல. சிலிண்டரில் எதையும் வெல்டிங் வைக்கக் கூடாது. அதன் கழுத்தில் பொறித்திருக்கும் தேதிப்படி அடுத்த தண்ணீர் அழுத்தச் சோதனைக்கான கெடு தாண்டியிருந்தால் நிரப்பவே வேண்டாம். எவ்வளவு நன்றாக வைத்திருந்தாலும் 20 ஆண்டுக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்பது சர்வதேசத் தரக்கட்டுப்பாடு.

வாசனை வந்தால்: எஞ்சினை அணைத்து, கதவுகளைத் திறந்து, எல்லாரும் இறங்கி, சிலிண்டர் வால்வைக் கையால் மூடுங்கள். பிறகு விளக்கு, ஹாரன், பவர் விண்டோ எதையும் தொடாதீர்கள். கசியும் இடத்தைச் சோப்பு நுரையால்தான் தேட வேண்டும். நிரப்பும்போது மட்டும் ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் நிரப்பும் வாயில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் கிழிந்திருக்கும்.

கேள்வி: வீட்டு சமையல் கேஸ் சிலிண்டரில் சிஎன்ஜி நிரப்பலாமா?

பதில்: கூடவே கூடாது. அது 200 பாரில் பத்தில் ஒரு பங்கு அழுத்தத்தைத் தாங்கச் செய்த மெல்லிய தகடு. நிரப்பும்போதே கிழியும்.

கேள்வி: என் டீசல் வேனை சிஎன்ஜிக்கு மாற்ற முடியுமா?

பதில்: முடியும், ஆனால் டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டில் பிளக் பொருத்தி, பிஸ்டனைக் கடைந்து கம்ப்ரஷனை 11, 12க்கு இறக்கி, காற்றைக் கட்டுப்படுத்தும் திராட்டிலும் வைக்க வேண்டும். பாதி எஞ்சினை மாற்றுகிற வேலை. ஒரு வேனுக்குக் கட்டுபடியாகாது.

கேள்வி: இவ்வளவு நல்லது இருந்தும் எல்லாரும் ஏன் மாறவில்லை? அரசு மானியம் கொடுத்தால் போதாதா?

பதில்: மானியம் மட்டும் போதாது என்பதற்கு நியூசிலாந்து உதாரணம். 1979இல் திட்டம் தொடங்கி, கடனும் சலுகையும் கொடுத்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களை மாற்றினார்கள். 1980களின் நடுவில் சலுகை நின்றது, பெட்ரோல் விலையும் சரிந்தது. மாற்றுபவர்கள் குறைந்து, பங்க்குகளும் மூடின. டெல்லியில் நடந்தது வேறு வகை. 1998இல் உச்ச நீதிமன்றம் நகரப் பேருந்துகளை சிஎன்ஜிக்கு மாற்ற உத்தரவிட்டது. 2001 மார்ச் கெடு தாண்டி 2002 முடிவில்தான் நிறைவேறியது. இடையில் கேஸ் பற்றாமல் நீண்ட வரிசைகள். வண்டி இல்லாமல் பங்க் நஷ்டம், பங்க் இல்லாமல் வண்டி வாங்க ஆளில்லை. தினமும் ஒரே டெப்போவுக்குத் திரும்பும் பேருந்து, குப்பை லாரி, ஆட்டோ, டாக்ஸி ஆகியவற்றில் தொடங்கினால் இந்தச் சிக்கல் பாதி தீரும். ஒரே கம்ப்ரஸருக்கு நிச்சயமான விற்பனை கிடைக்கும்.

புகை விஷயத்தில் டீசலோடு ஒப்பிட்டால் கரித்துகள் மிகக் குறைவு, ஒரே அளவு ஆற்றலுக்குக் கரியமில வாயு ஏறத்தாழ கால் பங்கு குறைவு. ஆனால் எரியாமல் கசியும் மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்குக்கும் மேல் சூடேற்றும். குழாயிலும் பங்க்கிலும் கசிவைக் கவனிக்காத இடத்தில் அந்த லாபம் கரைந்துபோகும். சாணம், கழிவிலிருந்து வரும் வாயுவைச் சுத்தம் செய்து அதே சிலிண்டரில் அடைப்பது இதைவிட நல்ல வழி; வண்டியில் ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: கேஸில் ஓட்டுவதால் எஞ்சின் ஆயில் கறுப்பதே இல்லை. இன்னும் கொஞ்சம் ஓட்டலாமா?

பதில்: நிறத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். கரி இல்லாததால் கறுக்கவில்லை. ஆனால் கேஸ் எரியும் வெப்பத்தில் ஆயில் கெட்டியாகிக் கெடுவது உண்டு. கம்பெனி சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள். கேஸ் உலர்ந்த எரிபொருள் என்பதால் வால்வு சீட்டும் சீக்கிரம் தேயும். ஆயில் மாற்றப் போகும்போது டேப்பெட் (வால்வு) இடைவெளியையும் ஒரு தடவை அளக்கச் சொல்லிவிடுங்கள்.