பணம் கழிந்துவிட்டது, போய்ச் சேரவில்லை: வங்கி, யுபிஐ கேள்வி பதில்

பொதுத்துறை வங்கியில் கிளை வேலை பார்த்து, கடைசிக் காலத்தில் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஈரோடு): சார், நண்பருக்கு 4,000 ரூபாய் அனுப்பினேன். என் கணக்கில் கழிந்துவிட்டது, அவருக்குப் போகவில்லை. ஆப்பில் புகார் கொடுத்தால் 'காத்திருங்கள்' என்றே வருகிறது. இன்று நாலாவது நாள்.

பதில்: ஆப்பை விடுங்கள், உங்கள் வங்கியைப் பிடியுங்கள். ஆப் நிறுவனம் உங்கள் உத்தரவை வாங்கி அனுப்புகிறது, அவ்வளவுதான். பணம் இருப்பதும் கழிவதும் வங்கியில். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்பி வரவேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. கடைக்குச் செலுத்தியதென்றால் ஐந்து நாள் அவகாசம். இந்த 100 ரூபாயை நீங்கள் கேட்காமலே வங்கி வரவு வைக்க வேண்டும் என்பதுதான் விதி. நடைமுறையில் கேட்டால்தான் வருகிறது, அதனால் கேளுங்கள். பரிவர்த்தனை விவரத்தில் 12 இலக்க யுடிஆர் எண் இருக்கும். அதைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' தேடி அழைக்காதீர்கள். பணம் சிக்கிக்கொண்ட பதற்றத்தில் இருப்பவர்களைப் பிடிக்கவே அங்கே போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பாஸ்புக்கிலோ ஏடிஎம் கார்டின் பின்னாலோ இருக்கும் எண் போதும்.

கேள்வி (நாகர்கோவில்): ஒரு இலக்கம் மாறி யாரோ ஒருவருக்கு 7,500 போய்விட்டது. வங்கி திரும்ப எடுத்துத் தருமா?

பதில்: அவர் சம்மதிக்காமல் எடுக்க முடியாது. உடனே வங்கியில் புகார் கொடுங்கள், அவர்கள் எதிர்த்தரப்பு வங்கி வழியாக அவரைக் கேட்பார்கள். பெரும்பாலானவர்கள் நல்லவர்கள், கொடுத்துவிடுவார்கள். 2025 ஜூன் கடைசியிலிருந்து, ரகசிய எண்ணை (பின் நம்பர்) போடுவதற்கு முன்னால் வங்கியில் பதிவான பெயரையே ஆப் காட்ட வேண்டும். அந்தப் பெயரைப் படிக்காமல் விரல் வைக்காதீர்கள்.

இதையே எதிர்ப்பக்கத்திலிருந்தும் சொல்கிறேன். 'தவறுதலாக உங்களுக்கு அனுப்பிவிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பிப் போடுங்கள்' என்று யாராவது அழைத்தால் நீங்களாக அனுப்பாதீர்கள். அவருடைய வங்கி மூலமாகவே கேட்கச் சொல்லுங்கள். வந்தது மோசடிப் பணமாக இருந்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வியில் விளங்கும்.

கேள்வி (மதுரை): அண்ணே, டீக்கடை வைத்திருக்கிறேன். யாரோ ஒருவர் க்யூஆரில் போட்ட 300 ரூபாய் மோசடிப் பணமாம். வேறு மாநில சைபர் போலீஸ் சொன்னதாக என் கணக்கையே முடக்கிவிட்டார்கள். பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் உள்ளே கிடக்கிறது. கிளையில் கேட்டால் எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறார்கள்.

பதில்: எனக்கு மிகவும் கோபம் வரும் விஷயம் இது. நடப்பது இதுதான். பணத்தைப் பறிகொடுத்தவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்கு அழைக்கிறார். அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குக்குப் போனது என்று போலீஸ் பின்தொடர்கிறது. திருடன் அதைப் பல கணக்குகளுக்குப் பிரித்து, அதிலேயே டீயும் குடித்திருப்பான். சங்கிலியின் கடைசியில் நிற்கும் உங்கள் கணக்குக்கும் வங்கிக்குக் கடிதம் வந்துவிடுகிறது. பறிகொடுத்தவரின் பணத்தைக் காப்பாற்ற இந்த ஏற்பாடு அவசியம், அதில் சந்தேகமில்லை. ஆனால் 300 ரூபாய்க்காக ஒருவரின் மொத்தக் கணக்கையும் பூட்டுவது அநியாயம். சர்ச்சைக்குரிய தொகையோடு முடக்கம் நிற்கவேண்டும் என்ற நிலையைக் கேரள உயர் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் எடுத்திருக்கின்றன.

'தெரியாது' என்ற பதிலை ஏற்காதீர்கள். எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகாரின் ஒப்புகை எண் என்ன, சர்ச்சைத் தொகை எவ்வளவு என்ற நான்கும் வங்கிக்கு வந்த தகவலில் இருக்கும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அப்புறம் கிளை மேலாளருக்கு ஒரு கடிதம்: 300 ரூபாயை மட்டும் நிறுத்தி வைத்து மீதியை விடுவியுங்கள். அதே சமயம் அந்தக் காவல் நிலையத்துக்கு மின்னஞ்சலில் கடை உரிமம், கடையின் படம், அன்றைய விற்பனைக் கணக்கு எல்லாவற்றையும் அனுப்பி, தடையை நீக்க வங்கிக்கு எழுதும்படி கேளுங்கள். 'நேரில் வா, இவ்வளவு கொடு, எடுத்துவிடுகிறேன்' என்று யாராவது போனில் சொன்னால் நம்பாதீர்கள். அசையாவிட்டால் வழக்கறிஞர் மூலம் உயர் நீதிமன்றம்தான்.

இனி வியாபாரத்துக்கு ஒரு கணக்கு, வீட்டுப் பணத்துக்கு வேறொரு வங்கியில் ஒரு கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கடைக்காரர்களுக்கும் இதைச் சொல்கிறேன்.

கேள்வி (கரூர்): யுபிஐயில் வாங்கினால் கடைக்காரருக்குக் கட்டணம் உண்டா?

பதில்: வங்கிக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்கு 2020 ஜனவரியிலிருந்து இல்லை. சவுண்ட் பாக்ஸ் வாடகை தனி.

கேள்வி (தஞ்சாவூர்): சார், என் மாமியாருக்கு 74 வயது, பட்டன் போன்தான். பென்ஷன் எடுக்கப் போனால் 'ஏடிஎம்முக்குப் போங்க, ஆப் போடுங்க' என்று விரட்டுகிறார்கள்.

பதில்: 70 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே வந்து பணம் கொடுப்பது, வாங்குவது, ஆயுள் சான்று பெறுவது போன்ற சேவைகளைச் செய்யும்படி 2017 நவம்பரிலேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கட்டணம் இருக்கலாம். கிளையில் எழுதிக் கேளுங்கள், வாயால் கேட்டால் மறந்துபோகும். கவுன்டரில் ஆள் குறைந்துவிட்டது உண்மை, அங்கே இருப்பவர்களும் திணறுகிறார்கள். அதற்கான விலையைக் கண் மங்கிய ஒரு மூதாட்டி கொடுக்கக்கூடாது. பட்டன் போனுக்கு '123பே' என்ற யுபிஐ வசதி 2022 முதல் இருக்கிறது. ஆனால் அவருக்குக் கவுன்டர்தான் பழக்கம் என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள் அம்மா.

கேள்வி (சிங்கப்பூர்): இங்கிருந்து அம்மாவுக்கு நேரடியாக அனுப்ப முடியுமா?

பதில்: முடியும். 2023 பிப்ரவரி 21இல் சிங்கப்பூரின் பேநவ்வையும் நம் யுபிஐயையும் இணைத்தார்கள். அம்மாவின் வங்கி இதில் சேர்ந்திருக்க வேண்டும். இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன.

கேள்வி (விழுப்புரம்): அப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் 'கேஒய்சி' என்று ஒரு ஃபைல் வந்தது. திறந்தார். இரவோடு 38,000 போய்விட்டது. ஓடிபி கொடுத்தது உங்கள் தவறு என்கிறது வங்கி. அவர் யாரிடமும் சொல்லவே இல்லை.

பதில்: அந்த ஃபைல் ஒரு ஏபிகே, அதாவது போனில் ஆப்பை நிறுவும் ஃபைல். போனுக்குள் புகுந்து எஸ்எம்எஸ்ஸைத் தானே படித்து அனுப்பிவிடும். முதலில் 1930, அதே மூச்சில் வங்கி. திருடன் பணத்தை எடுப்பதற்குள் நிறுத்தினால்தான் மீட்க வழி.

அடுத்தது பொறுப்பு யாருடையது என்ற வழக்கு. 2017 ஜூலையில் வந்த விதிப்படி, வங்கியின் தவறும் வாடிக்கையாளரின் தவறும் இல்லாத மோசடியை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வாடிக்கையாளரின் அலட்சியம் என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. ஓடிபியை அப்பா சொல்லவில்லை, திருடப்பட்டது என்பதை எழுதுங்கள். ஃபைலைத் திறந்ததே அலட்சியம் என்று வங்கி வாதாடும், அதற்கும் தயாராக இருங்கள். அலட்சியம் என்றே முடிவானாலும், நீங்கள் தகவல் சொன்ன நிமிடத்துக்குப் பின் போன ஒவ்வொரு ரூபாயும் வங்கியின் பொறுப்பு. ஆகவே அழைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

கேள்வி (திண்டுக்கல்): பூக்கடை வைத்திருக்கிறேன். முன்பெல்லாம் மேனேஜரைத் தெரிந்தால் கடன் கிடைக்கும். இப்போது ஆப் ஐந்து நிமிடத்தில் தருகிறேன் என்கிறது. எது நல்லது ஐயா?

பதில்: மேனேஜருக்குத் தெரிந்தவர்களுக்குக் கடன் கிடைத்தது சரி. தெரியாதவர்கள் வாசலிலேயே நின்றார்கள், அவர்களில் பூக்காரர்கள்தான் அதிகம். இன்று உங்கள் க்யூஆர் வரவு ஒரு சாட்சி. அதை எடுத்துக்கொண்டு முதலில் வங்கிக்குப் போங்கள். தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி திட்டத்தைக் கேளுங்கள். 2020இல் தொடங்கியபோது முதல் கடன் 10,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்தது கூடும், வட்டி மானியமும் உண்டு. ஆப் கடன்தான் வேண்டுமென்றால், பின்னால் நிற்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் என்ன, எல்லாச் செலவும் சேர்த்த ஆண்டு வட்டி எவ்வளவு என்று எழுத்தில் காட்டவேண்டும். காட்டாத ஆப்பையும், போனில் உள்ள எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும் ஆப்பையும் உடனே நீக்குங்கள்.

கேள்வி (சேலம்): கிளையில் புகார் எண்ணே தர மறுக்கிறார்கள்.

பதில்: மின்னஞ்சல் அனுப்புங்கள், அதன் தேதியே சான்று. 'டாட் பேங்க் டாட் இன்' (.bank.in) என்று முடியும் இணையதளம்தான் வங்கியுடையது, முகவரியை அங்கிருந்தே எடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் மனு போடலாம். செலவில்லை, வழக்கறிஞர் வேண்டாம், சந்தேகத்துக்கு 14448. வங்கிக்கு முதலில் எழுதிய நகல் இல்லாமல் போனால் மனுவை எடுக்கமாட்டார்கள், அதனால் அந்த மின்னஞ்சலை இன்றே அனுப்பிவிடுங்கள்.