வீணை பெண்ணுக்கு, மிருதங்கம் ஆணுக்கு: பிறவியா, வளர்ப்பா?

பெண்களுக்கு மெல்லிசையும் ஆண்களுக்குத் தாளமும் பிடிப்பது பிறவிக்குணமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பகுதி வளர்ப்புதான் என்பேன். இனிமையாகச் சேரும் சுரங்கள் எல்லாக் காதுக்கும் இயல்பிலேயே பிடிக்கும் என்றுதான் பலரும் நம்பினார்கள். ஆனால், மேற்கத்திய இசையை அதிகம் கேட்டுப் பழகாத, பொலிவியாவில் வாழும் சிமானே பழங்குடி மக்களிடம் நடத்தி 2016-இல் வெளியான ஆய்வில், இனிய சேர்க்கையும் காதை உரசும் சேர்க்கையும் அவர்களுக்கு ஒரே மாதிரிதான் பிடித்திருந்தன. அடிப்படை ரசனையிலேயே பழக்கத்துக்கு இவ்வளவு பங்கு இருக்கிறது.

என் அக்கா மகள் நாலு வயதில் எவர்சில்வர் டபராவைக் கவிழ்த்து வைத்து விரல் சிவக்கத் தட்டுவாள். பாட்டு வகுப்பில் சேர்க்கும்போது அவளுக்கு வீணை, தம்பிக்கு மிருதங்கம் என்று பெரியவர்களே பிரித்துவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆஸ்திரியாவின் புகழ்பெற்ற இசைக்குழுவான வியன்னா பில்ஹார்மோனிக்கும் 1997 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்க்கவில்லை. ஹார்மோனுக்குச் சிறு பங்கு இருக்கலாம். ஆனால், பெண் கடக் கலைஞர் சுகன்யா ராம்கோபாலின் வாசிப்பை ஒருமுறை கேளுங்கள்.