ராஜாக்களை ஏற்படுத்துகிறவர்: கேள்வி பதில்

கேள்வி: "தேவனாலேயன்றி ஒரு அதிகாரமுமில்லை" என்கிறது ரோமர் 13:1. அப்படியென்றால் கொடுங்கோலனையும் கர்த்தர்தான் உட்காரவைத்தாரா?

பதில்: பவுல் இதை எழுதியது ஏறக்குறைய கி.பி. 57இல். அப்போது ரோமை ஆண்டது, கொடுங்கோலன் என்று பெயரெடுத்த பேரரசன் நீரோ. ஆகவே நல்ல அரசனை மனதில் வைத்து எழுதிய வசனம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பவுல் சொல்கிறார்; அதை வைத்திருப்பவன் செய்வதெல்லாம் சரி என்று சொல்லவில்லை. 4ஆம் வசனத்தைப் பாருங்கள், ஆளுகிறவனை "தேவ ஊழியக்காரன்" என்கிறார். ஊழியக்காரன் என்றால் எஜமானுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவன். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு ரோமர் 13ஐப் பிரசங்கிப்பவர்களைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கேள்வி: அப்படிக் கணக்குக் கேட்ட சம்பவம் வேதத்தில் உண்டா?

பதில்: தானியேல் 4ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கனவு காண்கிறான், தானியேல் அதற்குப் பொருள் சொல்கிறார். அதோடு நிற்காமல் நீதியைச் செய்யும், சிறுமையானவர்களுக்கு இரங்கும் என்று ராஜாவின் முகத்துக்கு நேராகவே ஆலோசனையும் சொல்கிறார். அப்புறம் 12 மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. அது தேவன் கொடுத்த தவணை என்றே நான் நினைக்கிறேன். ஒருநாள் அரண்மனையில் உலாவிக்கொண்டே, "நான் கட்டின மகா பாபிலோன் அல்லவா" என்கிறான். அந்தப் பேச்சு வாயில் இருக்கும்போதே தீர்ப்பு வந்துவிடுகிறது. மாடுபோல் புல்லைத் தின்கிறான். உடம்பு பனியில் நனைகிறது. நகங்கள் பட்சிகளுடைய நகங்களைப்போல் வளர்கின்றன.

அவன் பெயர் அச்சிட்ட செங்கற்கள் பாபிலோன் இடிபாடுகளில் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. நகரம் மண்மேடாகி, கல்லில் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. தண்டனையோடு கதை முடியவில்லை என்பதையும் கவனியுங்கள். அவன் கண்களை வானத்துக்கு ஏறெடுத்தபோது புத்தி திரும்பியது, ராஜ்யமும் திரும்பக் கிடைத்தது.

கேள்வி: கர்த்தரை அறியாத ராஜாவையும் அவர் பயன்படுத்துவாரா?

பதில்: பயன்படுத்தினார். கி.மு. 539இல் பாபிலோனைப் பிடித்த பெர்சிய ராஜா கோரேசை ஏசாயா 45 கர்த்தர் "அபிஷேகம்பண்ணின" ராஜா என்கிறது. உடனே "நீ என்னை அறியாதிருந்தும்" என்றும் சொல்கிறது. 1879இல் கண்டெடுத்த கோரேசின் களிமண் உருளையில் அவனுடைய வெற்றிக்கு மர்தூக் என்ற பாபிலோனியத் தெய்வமே காரணம் என்று எழுதியிருக்கிறது. அவன் யாருக்கு நன்றி சொன்னாலும் பாபிலோனில் சிறைப்பட்டிருந்த யூதர்கள் எருசலேமுக்குத் திரும்பினார்கள், ஆலயம் எழும்பியது.

கேள்வி: அரசாங்கம் தவறானதைச் செய்யச் சொன்னால் கீழ்ப்படிய வேண்டுமா?

பதில்: வேண்டாம். "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்" என்று பேதுரு ஆலோசனைச் சங்கத்துக்கு முன்னால் நின்று சொன்னார் (அப்போஸ்தலர் 5:29). அவருக்கு முன்பே இரண்டு மருத்துவச்சிகள் அதைச் செய்துகாட்டினார்கள். எபிரெயருக்கு ஆண்பிள்ளை பிறந்தால் கொன்றுவிடுங்கள் என்றான் எகிப்தின் ராஜாவான பார்வோன். அவர்கள் தேவனுக்குப் பயந்து பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். யாத்திராகமம் அந்தப் பார்வோனின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. சிப்பிராள், பூவாள் என்ற அந்தப் பெண்களின் பெயர்களை எழுதி வைத்திருக்கிறது. 1934இல் ஹிட்லர் ஆண்ட ஜெர்மனியில் பார்மென் அறிக்கையை வெளியிட்ட சபையாரும் இதே வழியில்தான் வந்தார்கள். கிறிஸ்துவுக்குரிய இடத்தை வேறெந்தத் தலைவருக்கும் தரமாட்டோம் என்றார்கள்.

கேள்வி: மனதுக்குப் பிடிக்காத ஆட்சியாளருக்காக எப்படி ஜெபிப்பது? எனக்கு வார்த்தையே வரவில்லை.

பதில்: எனக்கும் பல வருடம் வரவில்லை. ராஜாக்களுக்காக ஜெபிக்கும்படி 1 தீமோத்தேயு 2:2 சொல்கிறதே என்று கடமைக்கு ஒரு வரி சொல்லிவிட்டு எழுந்துவிடுவேன். இப்போது தானியேல் பாபிலோன் ராஜாவுக்குச் சொன்ன ஆலோசனையையே எடுத்துக்கொள்கிறேன். "ஆண்டவரே, இவர் நீதி செய்யட்டும், சிறுமைப்பட்டவர்களுக்கு இரங்கட்டும்" என்று ஆட்சியில் இருப்பவரின் பெயரைச் சொல்லியே கேட்கிறேன். இன்று இரவு இந்த இரண்டு வாக்கியங்களோடு தொடங்கிப் பாருங்கள்.