டார்நீட்டில் மக்கள் பெருகுகிறார்கள். வீட்டின் விலையும் பெருகுமா?

கேள்வி: நானும் என் கணவரும் ஆஸ்திரேலியாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்கள். நான் மெல்பர்னில் சன்ஷைன் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். கணவர் டாக்லாண்ட்ஸில் ஓர் அலுவலகத்தில் கணினித் துறையில் வேலை பார்க்கிறார். செயின்ட் ஆல்பன்ஸில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். எங்கள் பெயரில் இதுவரை எந்தச் சொத்தும் இல்லை. சேமிப்பு 1,40,000 டாலர். மெல்பர்னின் மேற்கு விளிம்பில் உள்ள டார்நீட்டில் ஒரு புதிய மனைப்பிரிவில் 4,00,000 டாலர் நிலமும் 2,90,000 டாலர் கட்டுமானமுமாக 6,90,000 டாலருக்கு வீடு வாங்கி, வாரம் 520 டாலர் வாடகைக்கு விட்டு, ஐந்து ஆண்டுகள் கழித்து விற்று, வரும் லாபத்தில் சன்ஷைன் பக்கம் சொந்த வீடு வாங்கலாம் என்று ஒரு முதலீட்டு ஆலோசகர் சொல்கிறார். மக்கள்தொகை வளர்ச்சி, உள்கட்டமைப்பு, வேலைவாய்ப்பு என்ற மூன்று தலைப்புகளில் அறிக்கையும் தந்திருக்கிறார். அதை நம்பி இறங்கலாமா?

பதில்: நீங்களே குடியேறுவதற்கு என்றால் டார்நீட்டைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம். ஐந்து ஆண்டுகளில் விற்று லாபம் பார்ப்பதற்கு என்றால் வேண்டாம் என்பதே என் பதில். அறிக்கையில் உள்ள தகவல்களில் பொய் அதிகம் இருக்காது; ஆனால் அந்தத் தகவல்களிலிருந்து அவர் எட்டும் முடிவுதான் நிற்கவில்லை.

மக்கள்தொகையிலிருந்து தொடங்குவோம். 2016-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் டார்நீட்டில் 34,562 பேர் இருந்தார்கள். 2021-இல் 56,370 பேர். ஐந்து ஆண்டுகளில் 63 சதவீத உயர்வு. அதைச் சுற்றியுள்ள விண்டம் மாநகராட்சி முழுவதையும் எடுத்துக்கொண்டால் 2011-இல் 1,61,575 ஆக இருந்த தொகை 2021-இல் 2,92,011 ஆனது. ஆஸ்திரேலியாவில் இந்த வேகத்தில் வளரும் இடங்கள் மிகச் சிலவே. இத்தனை பேர் வந்தால் வீட்டின் விலை ஏறித்தானே ஆக வேண்டும் என்று யாருக்கும் தோன்றும்.

வந்த மக்கள் எங்கே குடியேறினார்கள் என்று பார்த்தால் விஷயம் வேறு விதமாகத் தெரியும். அவர்கள் இருக்கிற வீடுகளுக்குப் போட்டியிட்டு வரவில்லை. புதிதாகத் திறக்கப்பட்ட மனைகளில் கட்டிய புது வீடுகளுக்கு வந்தார்கள். டார்நீட்டின் மக்கள்தொகை பெருகியதற்கு முதற்காரணமே அங்கே நிலம் கிடைத்ததுதான். டார்நீட் நார்த், ரிவர்டேல், டார்நீட் ப்ளெயின்ஸ் என்று அரசு வரைந்த துணைத்திட்டங்களின்படி ஒரு பகுதி தீரத் தீர அடுத்த பகுதி மனைகளாகப் பிரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கிறது. போதாததற்கு 2024 அக்டோபரில் விக்டோரியா அரசு, மெல்பர்னின் விளிம்பில் பத்து ஆண்டுகளில் 27 புதிய பகுதிகளைத் திறந்து 1,80,000 வீடுகளுக்கு இடம் ஏற்படுத்தப்போவதாக அறிவித்தது. தேவை எவ்வளவு வளர்கிறதோ அவ்வளவு நிலமும் வந்துகொண்டிருக்கும் ஊரில், வளர்ச்சி என்பது விலையேற்றமாக மாறாமல் பரப்பளவாக மாறிவிடுகிறது.

நீங்கள் விற்கப்போகும் நாளை நினைத்துப் பாருங்கள். உங்கள் வீடு அப்போது ஐந்து ஆண்டுகள் வாடகைக்காரர் புழங்கிய வீடு. இரண்டு தெரு தள்ளி, அதே அளவு மனையில், புதுச் சமையலறையோடு, கட்டுமான நிறுவனத்தின் தள்ளுபடியோடு, முதல் வீடு வாங்குபவருக்கான அரசு மானியத்தோடு ஒரு புத்தம்புது வீடு விற்பனைக்கு இருக்கும். அந்த மானியம் உங்கள் வீட்டை வாங்குபவருக்குக் கிடைக்காது. உங்கள் மனைப்பிரிவில் உங்களைப் போலவே அதே ஆலோசகர் சொல்லி வாங்கிய முதலீட்டாளர்கள் பலர் இருந்தால், விற்பனைப் பலகைகளும் ஒரே காலத்தில் வரிசையாக முளைக்கும். வாடகைக்கும் இது பொருந்தும்: ஒரே மாதத்தில் சாவி கைக்கு வந்த வீடுகள் ஒரே மாதத்தில் வாடகைதாரரைத் தேடும். அறிக்கையில் உள்ள 520 டாலர் எந்த மாதத்து நிலவரம் என்று கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. டார்நீட்டில் ஆங்கிலத்திற்கு அடுத்தபடி வீடுகளில் அதிகம் பேசப்படுவது பஞ்சாபி. இந்தியாவில் பிறந்தவர்கள் ஏராளம். வாங்குபவர்களில் பெரும்பகுதி புலம்பெயர்ந்தோர் என்பதால், இங்கே தேவை குடியேற்றக் கொள்கையோடு கட்டுண்டிருக்கிறது. எல்லைகள் மூடிக்கிடந்த 2020-21 நிதியாண்டில் ஆஸ்திரேலியாவின் நிகரக் குடியேற்றம், அதாவது குடியேற வந்தவர்களிலிருந்து வெளியேறியவர்களைக் கழித்த எண்ணிக்கை, பூஜ்யத்திற்கும் கீழே போனது. 2022-23-இல் ஐந்து லட்சத்தைத் தாண்டியது. கான்பெர்ராவில் எடுக்கும் ஒரு முடிவு இப்படி ஊசலாட வைக்கும் தேவையை ஐந்தே ஆண்டுக் கெடுவோடு நம்பி இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உள்கட்டமைப்பில் டார்நீட்டின் பெருமை அதன் ரயில் நிலையம். மண்டல ரயில் இணைப்பு என்ற பெரிய திட்டத்தின் பகுதியாக 2015 ஜூனில் திறக்கப்பட்டு, சில ஆண்டுகளிலேயே நகர மையத்தில் உள்ள சதர்ன் கிராஸுக்கு அடுத்தபடியாக, வீலைன் என்ற மாநில ஊரக ரயில் வலையமைப்பில் அதிக நெரிசல் கொண்ட நிலையமாக ஆகிவிட்டது. இதைப் பெருமையாகவும் சொல்லலாம், குறையாகவும் சொல்லலாம். ஓடுவது மாநகர மின்ரயில் இல்லை. ஊர்களுக்கு இடையே ஓடுவதற்கென்று வடிவமைத்த டீசல் ரயில். ஜீலாங்கிலிருந்து வரும் வண்டி டார்நீட்டை அடையும்போது உட்கார இடம் இருக்காது, வாகன நிறுத்தமோ காலையிலேயே நிரம்பிவிடும் என்பது அங்கே குடியிருப்பவர்கள் எல்லாரும் சொல்லும் அனுபவம். டார்நீட் வழியாக விண்டம் வேலுக்கும், இன்னொரு தடத்தில் மெல்டனுக்கும் மின்ரயில் வரும் என்று 2018-இல் மாநில அரசு அறிவித்தது. டார்நீட் வழித்தடத்திற்கு அது இன்னும் வரவில்லை. மேற்குப் பகுதியை நகரத்தோடு இணைக்கும் வெஸ்ட் கேட் சுரங்கச் சாலையும் 2022-இல் முடியும் என்று சொல்லித் தொடங்கி, செலவு பல நூறு கோடி டாலர் கூடி, பல ஆண்டுகள் தள்ளிப்போனது. அறிவிப்பு வந்த அன்றே நிலம் விற்பவர் அதன் மதிப்பை மனையின் விலையில் ஏற்றிவிடுகிறார். ரயில் வரும் நாள்வரை வட்டி கட்டிக் காத்திருப்பது வாங்கியவர். ஆகவே அறிக்கையில் "திட்டமிடப்பட்டுள்ளது" என்று இருக்கும் ஒவ்வொன்றையும் விலையில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டதாகவே கணக்கிடுங்கள்.

வேலைவாய்ப்புப் பகுதிதான் அந்த அறிக்கையிலேயே பலவீனமானதாக இருக்கும் என்று நினைக்கிறேன். டார்நீட்டைச் சுற்றி வேலை இல்லாமல் இல்லை. ட்ருகனினாவிலும் லாவர்ட்டன் நார்த்திலும் துறைமுகத்தையும் நெடுஞ்சாலைகளையும் நம்பிய கிடங்குகள் வரிசையாக இருக்கின்றன. வெரிபியில் மெர்சி மருத்துவமனை இருக்கிறது. பள்ளிகளும் குழந்தைகள் காப்பகங்களும் கடைகளும் மக்களோடு சேர்ந்து பெருகுகின்றன. ஆனால் அலுவலக வேலைக்கும் சிறப்பு மருத்துவ வேலைக்கும் விண்டம் மக்கள் நகரத்தை நோக்கித்தான் போகிறார்கள். கிழக்கு வெரிபியில் கல்வி நகரம் ஒன்றை அமைத்துப் பல்லாயிரம் வேலைகளை உருவாக்குவதாகச் சொன்ன திட்டத்தின் பேச்சுவார்த்தையை மாநில அரசு 2019-இல் முறித்துக்கொண்டது. அதற்கு முன், 2017 அக்டோபர் 3 அன்று, ஆல்டோனாவில் டொயோட்டா ஆலை மூடப்பட்டபோது மெல்பர்னின் மேற்குப் பகுதி நிலையான தொழிற்சாலை வேலைகளை இழந்தது. கிடங்கு வேலைகள் எண்ணிக்கையில் அந்த இடத்தை நிரப்பலாம். அவற்றில் பல தற்காலிக முறைவேலைகள், அதை வைத்து வங்கியில் பெரிய கடன் வாங்க முடியாது. ஒரு பகுதியில் வீட்டின் விலையைத் தூக்குவது வேலைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் அந்த வேலைகளுக்குக் கிடைக்கும் சம்பளமும் நிரந்தரமும்தான்.

இனி உங்கள் பணம். சேமிப்பு 1,40,000, விலையில் 20 சதவீதம் 1,38,000. பார்ப்பதற்குச் சரியாக இருக்கிறது. ஆனால் முதலீட்டுக்காக வாங்கினால் 4,00,000 டாலர் நிலத்திற்கு விக்டோரியாவில் முத்திரைத் தீர்வை 19,070 டாலர். அதைக் கட்டிய பிறகு உங்கள் பங்கு 20 சதவீதத்திற்குக் கீழே போய், கடன் திரும்பாவிட்டால் வங்கியைக் காக்கும் கடன் காப்பீட்டுக் கட்டணத்தையும் வங்கி உங்களிடம் கேட்கும். அதை விட்டுவிட்டு 5,52,000 டாலர் கடன் என்றே வைத்துக்கொள்வோம். 6 சதவீத வட்டியில் 30 ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 3,310 டாலர், ஆண்டுக்கு 39,700. வாடகை ஒரு வாரம்கூட விடுபடாமல் வந்தாலும் ஆண்டுக்கு 27,040. பற்றாக்குறை 12,700.

இதன் மேல் நிலவரி. 2024 ஜனவரி முதல் விக்டோரியாவில் நிலவரியின் தொடக்க வரம்பு 3,00,000 டாலரிலிருந்து 50,000 டாலருக்கு இறக்கப்பட்டது; 4,00,000 டாலர் மதிப்புள்ள முதலீட்டு நிலத்திற்கு ஆண்டுக்கு 1,650 டாலர். மாநகராட்சி வரி, முகவர் கட்டணம், காப்பீடு, பழுதுபார்ப்பு எல்லாம் சேர்ந்தால் ஆண்டுக்கு 20,000 டாலரை ஒட்டி உங்கள் சம்பளத்திலிருந்து போகும். வீடு கட்டி முடியும்வரை வாடகையே இல்லாமல் வட்டி கட்டுவது தனி. ஐந்து ஆண்டுகளில் கட்டும் தவணையில் அசல் 38,000 டாலர்தான் குறைந்திருக்கும். வாங்கும் செலவு, விற்கும் செலவு, வருமான வரியில் கிடைக்கக்கூடிய கழிவு எல்லாவற்றையும் முன்பின் வைத்துப் பார்த்தால், வீடு 7,60,000 டாலரிலிருந்து 7,90,000 டாலருக்குள் ஏதோ ஒரு விலைக்குப் போனால்தான் நஷ்டமில்லாமல் வெளியே வரலாம். லாபம் அதற்கு மேல்தான் தொடங்குகிறது. அந்த லாபத்தில்தான் சன்ஷைனில் வீடு வாங்க வேண்டும். அதற்குள் சன்ஷைனும் சும்மா இருக்காது. விமான நிலைய ரயிலுக்காகச் சன்ஷைன் நிலையத்தை விரிவாக்க 2025-இல் மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 400 கோடி டாலர் ஒதுக்கின. அங்கே புதிதாக மனை பிரிக்க இடமும் இல்லை.

ஆலோசகர் உங்களிடம் சொல்லாமல் விட்டிருக்கக்கூடியது ஒன்று இருக்கிறது. இதுவரை சொத்து இல்லாதவர்கள் என்ற உங்கள் நிலைக்கே ஒரு விலை உண்டு. 5 சதவீத முன்பணத்தில், கடன் காப்பீடு இல்லாமல் வீடு வாங்க உதவும் மத்திய அரசுத் திட்டம் 2025 அக்டோபர் 1 முதல் வருமான வரம்பின்றி எல்லாருக்கும் திறக்கப்பட்டது; மெல்பர்னில் 9,50,000 டாலர்வரை பொருந்தும். கடந்த பத்து ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவில் சொத்து வைத்திருந்தவர்களுக்கு அது கிடையாது. சூப்பர் எனப்படும் ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கின் வழியாக ஒருவர் ஆண்டுக்கு 15,000, மொத்தம் 50,000 டாலர்வரை முதல் வீட்டுக்கென்று சேர்க்கும் வசதியும் இதுவரை அங்கே சொத்தே வைத்திராதவர்களுக்குத்தான். டார்நீட்டில் முதலீட்டு வீடு உங்கள் பெயருக்கு வந்த அன்றே இரண்டு கதவும் மூடிவிடும்.

அதே வீட்டை நீங்கள் குடியேறுவதற்காக வாங்கினால் கணக்கு தலைகீழாகிறது. நிலத்தின் விலை 6,00,000 டாலருக்குக் கீழே இருப்பதால் முத்திரைத் தீர்வை இல்லை. 7,50,000 டாலருக்கு உட்பட்ட புது வீடு என்பதால் 10,000 டாலர் மானியம். இரண்டும் சேர்ந்து 29,070 டாலர். நிபந்தனை, முதல் ஆண்டுக்குள் குடியேறித் தொடர்ந்து 12 மாதங்கள் வசிக்க வேண்டும். குடியிருக்கும் வீட்டிற்கு நிலவரி கிடையாது, விற்றால் மூலதன ஆதாய வரியும் பொதுவாக இல்லை. டார்நீட்டில் ரயில் ஏறினால் டீர் பார்க் தாண்டி நேராகச் சன்ஷைன் நிலையம்; மருத்துவமனை அங்கிருந்து இன்னும் சற்றுத் தள்ளி. கணவர் அதே தடத்தில் சதர்ன் கிராஸ்வரை போகலாம். உங்கள் இரவுப் பணி முடியும் நேரங்களுக்கு மட்டும் கார் வேண்டும்.

ஆனாலும் விளிம்பில் உள்ள புது மனையைவிட, டார்நீட் நிலையத்திற்கு நடந்து போகும் தூரத்தில் பத்து ஆண்டு வயதான வீட்டையே நான் முதலில் பார்ப்பேன். 6,90,000 டாலருக்கு அப்படி ஒரு வீடு வாங்கினால் சலுகை போக ஏறத்தாழ 22,000 டாலர் தீர்வை கட்ட வேண்டும், மானியமும் இல்லை, இழப்பு சிறியதில்லை. பதிலுக்கு, மரம் வளர்ந்த தெரு, ஏற்கெனவே இயங்கும் பள்ளி, இனி யாராலும் புதிதாக உருவாக்க முடியாத நிலைய நெருக்கம் ஆகியவை கிடைக்கும். கட்டுமான நிறுவனம் பாதியில் விட்டுப்போகுமோ என்ற கவலையும் இருக்காது. 2023 மார்ச் 31 அன்று போர்ட்டர் டேவிஸ் என்ற கட்டுமான நிறுவனம் கவிழ்ந்தபோது விக்டோரியாவிலும் குயின்ஸ்லாந்திலும் சுமார் 1,700 வீடுகள் பாதியில் நின்றன. பணம் கட்டிய பலருக்குச் சட்டப்படி எடுத்திருக்க வேண்டிய காப்பீடே எடுக்கப்படவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

புது மனைதான் என்று முடிவு செய்தால், கட்டுமான ஒப்பந்தத்தில் அடித்தளச் செலவு நிலையான தொகையா, உத்தேசத் தொகையா என்று பாருங்கள். மெல்பர்னின் மேற்கு எரிமலைக் குழம்பு இறுகிய சமவெளி. மேலே ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும் களிமண், கீழே கருங்கல் பாறை. "பாறை அகற்றும் செலவு தனி" என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்தால் 2,90,000 டாலர் என்பது வெறும் தொடக்க விலை. மண் பரிசோதனை அறிக்கையைக் கையில் வாங்கிக்கொண்டு, கட்டுமானக் காப்பீட்டுச் சான்றிதழ் உங்கள் பெயரிலும் உங்கள் மனை எண்ணிலும் வந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

அந்த ஆலோசகரிடம் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: இந்த விற்பனையில் நிலம் விற்பவரிடமும் கட்டுமான நிறுவனத்திடமும் அவருக்கு எவ்வளவு தரகு? வீடும் மனையும் சட்டத்தின் பார்வையில் நிதிப் பொருள் ஆகாது என்பதால், இவற்றை வாங்கச் சொல்லி ஆலோசனை தருபவருக்கு நிதி ஆலோசகருக்கான உரிமம் தேவையில்லை. ஏற்கெனவே நில ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், ஏலமல்லாத விற்பனையில் மூன்று வேலை நாள்களுக்குள் பின்வாங்கலாம், விலையில் 0.2 சதவீதம், அதாவது 800 டாலர், பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.